அத்தியாயம் 6: எரிபொருட் கணக்கும் எதிர்பாராத தரையிறக்கமும்

1937ஆம் வருஷம் ஜூன் மாதம் 17ஆம் தேதி கராச்சியிலிருந்து இடைநில்லாமல் பறந்து வந்து கல்கத்தாவின் டம்டம் மைதானத்தில் இறங்கிய அமேலியா இயர்ஹார்ட் அம்மையார், மறுநாள் காலையில், பருவமழையில் ஊறிச் சேறாகிவிட்ட அந்தத் தரையிலிருந்து தம்முடைய இரட்டை யந்திர விமானத்தைக் கிளப்பியபோது, சக்கரங்கள் மண்ணை விட்டு எழ நெடுநேரம் மறுத்தன என்றும், மைதானத்தின் ஓரத்து மரங்களை விமானம் மயிரிழையில் தாண்டியது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அன்று பர்மாவின் அக்யாபை அடைந்து, அங்கிருந்து ரங்கூனை நோக்கிச் சென்றவரைப் பருவமழை சுவர்போல் மறித்தது. அந்த மழைக்குள் வழி தேடிப் பார்த்துவிட்டு, அவரும் அவருடைய திசைகாட்டுநர் நூனனும் அக்யாபுக்கே திரும்பி இறங்கினார்கள். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 2ஆம் தேதி, நியூகினித் தீவின் லே என்னும் ஊரிலிருந்து பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹௌலண்ட் என்னும் சிறு தீவை நோக்கி ஏறத்தாழ 4,100 கிலோமீட்டர்ப் பிரயாணத்தைத் தொடங்கிய அதே இருவர், தீவருகே காத்திருந்த இடாஸ்கா என்ற அமெரிக்கக் காவற்கப்பலுக்கு, கப்பல் கண்ணில் படவில்லை, பெட்ரோல் குறைந்துவருகிறது என்று ரேடியோவில் தெரிவித்தபின், யார் கண்ணுக்கும் அகப்படவே இல்லை.

அவர்கள் மறைந்த காரணத்தைப் பற்றிய ஆராய்ச்சி இன்றும் ஓயவில்லை. அதற்குள் நாம் புக வேண்டியதில்லை. சிறு விமானம் ஓட்டக் கற்கும் வாசகர் கவனிக்க வேண்டியது, வங்காள விரிகுடாவின் கரையில் அவர்கள் செய்த காரியத்தைத்தான். முன்னே வழி அடைபட்டபோது, பின்னே ஒரு மைதானமும், அதை எட்டுவதற்குப் பெட்ரோலும் அவர்களுக்கு இருந்தன. ஹௌலண்டின் அருகே இரண்டும் இல்லை. யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடத்தைத் தேர்ந்து, ஒருமுறை தாழப் பறந்து பார்த்து, மனம் ஒப்பாவிட்டால் மீண்டும் எழுந்து வேறு இடம் தேடி இறங்கும் விமானிக்கும், யந்திரம் நின்றபின் கீழே எது வாய்த்ததோ அதில் இறங்கும் விமானிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அரைமணி நேரப் பெட்ரோல்தான். அந்த அரைமணியைக் கணக்கில் விட்டவரை வங்காளத்தின் தரை எளிதில் மன்னிப்பதில்லை. ஆகையால் இந்த அத்தியாயத்தில் எரிபொருளையும் தரையையும் பிரித்துப் பேசாமல், ஒரே விஷயமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும் சிறு விமானம், பகலில் சேருமிடத்தை அடைந்தபின்னும் 30 நிமிஷம் பறக்கக்கூடிய எரிபொருளையும், இரவில் 45 நிமிஷத்துக்கானதையும் வைத்திருக்க வேண்டும். இதைப் போதுமான அளவு என்று எண்ணிவிடுவது புதியவர்களின் இயல்பு. விதி சொல்வது, அதற்குக் கீழே போகக் கூடாத எல்லையை மட்டுமே. கொல்கத்தாவைச் சுற்றிப் பறப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த கையிருப்பு தகாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். டம்டமில் பெரிய ஜெட் விமானங்கள் வரிசையாக இறங்கும் சமயத்தில் சிறியது ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். விமானப்படையின் கலைகுண்டா வட்டாரத்தைச் சுற்றிப் போகச் சொன்னால் சுற்றித்தான் போக வேண்டும். வடக்கே கூச்பிஹாருக்குப் படத்தில் கோடு கிழித்தால் அது பங்களாதேஷத்தின் மேலே செல்லுமாதலால், மேற்கே வளைந்து செல்ல வேண்டிய தூரம் கணக்கில் ஏறுகிறது. வான் பாதுகாப்பு அனுமதி எண் வருவதற்குள் யந்திரத்தை ஓடவிட்டுத் தரையில் நிற்பவர், சேருமிடத்தில் தமக்கு வேண்டியிருக்கும் பெட்ரோலையே எரித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு திருஷ்டாந்தம் போட்டுப் பார்ப்போம். இருவர் அமரும் செஸ்னா 152 விமானத்தில், கொல்கத்தாவின் பேஹாலா மைதானத்திலிருந்து ஜாம்ஷெட்பூரின் சோனாரி மைதானத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 120 கடல் மைல். காற்றில்லாத வானில் 90 நாட் வேகம் என்று கொண்டால் 80 நிமிஷம்; மணிக்கு 23 லிட்டர் வீதம் சுமார் 31 லிட்டர் ஆகிறது. ஆனால் பனிக்காலத்தில் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும் காற்று 20 நாட் அளவுக்கு எதிர்த்தால், தரையைப் பொறுத்த வேகம் 70 நாட்டாகக் குறைந்து, பிரயாணம் ஒரு மணி 43 நிமிஷமாகவும், செலவு 40 லிட்டராகவும் உயர்ந்துவிடும். சோனாரியில் இறங்க முடியாமற்போனால் ராஞ்சி இன்னும் 55 கடல் மைலுக்கு மேல் உள்ளது. அதே காற்றில் அதற்கு 18 லிட்டர் வேண்டும். யந்திரத்தைத் துவக்கி, ஓடுபாதைக்கு ஊர்ந்து, உயரம் ஏறுவதற்கு 4 லிட்டர்; என் ஒரு மணி நேரக் கையிருப்புக்கு 23. கூட்டினால் 85 லிட்டர். அந்த விமானத்தின் சாதாரண டாங்குகளில் உபயோகிக்கத்தக்க எரிபொருளே 93 லிட்டர்தான். காற்றில்லாத கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி டாங்கே தாராளம் என்று கிளம்பும் மாணவன், எதிர்காற்று வீசும் நாளில் எங்கே போய் நிற்பான் என்பதை இந்தத் தொகைகளே சொல்லும்.

அப்படியானால் எப்போதும் டாங்கை நிரப்பிவிடலாமே என்று கேட்கலாம். ஏவ்காஸ் என்னும் விமானப் பெட்ரோல் 93 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம், 67 கிலோ எடையுள்ளது. அந்த விமானம் எழும்போது இருக்கத்தக்க மொத்த எடையோ 757 கிலோ. பருமனான இருவர் பையுடன் அமர்ந்து டாங்கும் நிறைந்துவிட்டால், பழைய விமானங்கள் பலவற்றில் எடை வரம்பு மீறிவிடும். வைசாக மாதத்து வெயிலில் காற்று லேசாகியிருக்கும்போது அந்த மீறலின் பலனை ஓடுபாதையின் கடைசியில்தான் காண்போம். எடையைக் குறைக்க வேண்டுமானால் பையை இறக்குங்கள். அதுவும் போதாதென்றால் வழியில் ஓரிடத்தில் இறங்கிப் பெட்ரோல் பிடிப்பதாகத் திட்டமிடுங்கள். ஆனால் அந்த இடத்தில் ஏவ்காஸ் கிடைக்குமா என்பதை முந்திய நாளே தொலைபேசியில் விசாரித்து உறுதிசெய்துகொள்வது அவசியம். 2022ஆம் வருஷம் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டிலேயே ஏவ்காஸ் தயாரித்து வெளியிடும்வரை, நம் நாட்டின் தேவைக்கு அது வெளிதேசங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. இன்றும் ஜெட் எரிபொருள் கிடைக்கும் விமான நிலையங்கள் எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை. ஏவ்காஸ் 100எல்எல் நீல நிறமுடையது. ஜெட் எரிபொருள் நிறமற்றோ வைக்கோல் நிறத்திலோ இருக்கும். தவறிப்போய் அதை ஊற்றிவிட்டால், யந்திரம் குழாய்களில் எஞ்சிய பெட்ரோலில் ஓடி, எழுந்த சற்று நேரத்தில் நின்றுவிடும். ஆகவே நிரப்பும்போது விமானியே அருகில் நிற்க வேண்டும்.

அளவைகளின் குழப்பத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. விமானத்தின் கைப்புத்தகம் அமெரிக்க காலனிலும் பவுண்டிலும் பேசும். எரிபொருள் வண்டி லிட்டரில் அளக்கும். எடைக் கணக்கை நாம் கிலோவில் எழுதுவோம். அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பழைய ஆங்கில காலனோ 4.546. 1983ஆம் வருஷம் ஜூலை 23ஆம் தேதி, கனடாவில் ஒரு போயிங் 767 விமானம், கிலோவில் கணக்கிட வேண்டிய இடத்தில் லிட்டருக்கு 1.77 என்ற பவுண்டு விகிதத்தைப் பிரயோகித்ததால், வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் கிளம்பி, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, யந்திரங்கள் ஓய்ந்து, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்டிருந்த விமானப்படைத் தளத்தில் மிதந்து வந்து இறங்கியது. அதிலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள். தேர்ந்த விமானிகளும் பயின்ற பணியாளர்களும் கூடிச் செய்த கணக்கே இப்படித் தவறக்கூடுமானால், தனி ஒருவராகக் காகிதத்தின் ஓரத்தில் பெருக்கிப் பார்க்கும் நாம், விடையை இன்னொருவரிடம் காட்டி ஒப்பிட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

பெட்ரோல் மானியின் முள்ளை நம்ப வேண்டாம். இறக்கையின் மீதேறி, அந்த விமானத்துக்கென்றே அளவு பொறித்த குச்சியை டாங்கில் விட்டு நனைந்த கோட்டைப் பார்ப்பதே பிரமாணம். அதன்பின் டாங்கின் அடியிலுள்ள குழாயைத் திறந்து, கண்ணாடிக் குப்பியில் சிறிது வடித்துப் பார்க்க வேண்டும். பாதி காலியான டாங்கில் இரவின் ஈரக்காற்று குளிர்ந்து துளியாகி அடியில் தங்குவதும், மழைக்காலத்தில் சரியாக மூடாத மூடியின் வழியே நீர் புகுவதும் வங்காளத்தில் சர்வ சாதாரணம். இதே ஈரந்தான் கார்புரேட்டரிலும் தொல்லை தருகிறது. பனிபெய்யும் நாட்டில்தான் பனிக்கட்டி உறையும் என்று எண்ணுவது பிழை. வெளியே 25 டிகிரி வெப்பம் இருந்தாலும், காற்று ஈரமாயிருந்து விமானி த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது, கார்புரேட்டரின் கழுத்துக்குள் உறைபனி கட்டி யந்திரத்தை மூச்சடைக்கச் செய்யும். டாங்கு நிறையப் பெட்ரோல் இருந்தும் நின்றுபோன யந்திரங்களின் கதை பலவற்றுக்கு இதுவே காரணம். வேகத்தைக் குறைக்குமுன் கார்புரேட்டர் சூட்டை இழுத்துவிடும் பழக்கமே இதற்குப் பரிகாரம்.

பங்குனி முதல் வைகாசி வரையில் பறப்பவர்கள் கால்பைசாகியை அறிந்திருக்க வேண்டும். சோட்டாநாக்பூர் மேட்டு நிலத்தில் பகலெல்லாம் காய்ந்த காற்று எழும்பி, பிற்பகலிலோ மாலையிலோ கருமேகமாய்த் திரண்டு, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கொல்கத்தாவை நோக்கி ஓடிவரும் அந்தப் புயலில், காற்று சில வேளைகளில் மணிக்கு 100 கிலோமீட்டரையும் கடப்பதுண்டு. ஜாம்ஷெட்பூருக்குப் பிற்பகலில் கிளம்புபவர் அதை நேருக்கு நேர் சந்திக்கிறார். அங்கிருந்து திரும்புபவரோ, அது தம்மைத் துரத்திவருவதைக் காணாமலே வீடு வந்து சேர விரைகிறார். அதை முந்திக்கொண்டு இறங்கிவிடலாம் என்ற ஆசை மிகவும் அபாயகரமானது. புயல் ஓரிடத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. அதன் பாதையிலிருந்து ஒதுங்கி ஒரு மணி நேரம் வேறிடத்தில் காத்திருப்பவருக்கு, மழையால் கழுவப்பட்ட தெளிந்த வானம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்கான பெட்ரோலையே நான் மேலே கேட்டிருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் காலைமூடுபனியும் இதே போலக் காலத்தைக் கேட்கிறது. ஆனால் அதற்குத் தரையிலிருந்தே காத்திருக்கலாமாதலால், அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு பிசகிவிட்டது என்று தெரிந்தவுடன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதிகாரியிடம் குரலைத் தாழ்த்தி, குறிப்பாலுணர்த்திப் பேசும் மரியாதை நமக்கெல்லாம் வளர்ப்பிலேயே வந்தது. ரேடியோவில் அது உயிரைக் கொல்லும். 1990ஆம் வருஷம் ஜனவரி 25ஆம் தேதி நியூயார்க் அருகே விழுந்த அவியான்கா விமானத்தின் ஊழியர்கள், எரிபொருள் தீர்ந்துவருகிறது என்று சொன்னார்களேயன்றி, அவசர நிலை என்ற சொல்லை உச்சரிக்கவே இல்லை. கட்டுப்பாட்டாளர்களும் அவசரத்தை உணரவில்லை. 73 பேர் இறந்தார்கள். இன்று இரண்டு வாசகங்கள் நிர்ணயிக்கப்பட்டிருக்கின்றன. இனித் தாமதம் நேர்ந்தால் கையிருப்பில் கைவைக்க நேரும் என்ற நிலையில் “மினிமம் ப்யூயல்” என்று அறிவிக்க வேண்டும். கடைசிக் கையிருப்பு குறையாமல் இறங்க முடியாது என்று தெரிந்தால் “மேடே” என்பதை மும்முறை சொல்லி “ப்யூயல்” என்று முடிக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையில் பதில் இல்லையானால் 121.5; டிரான்ஸ்பாண்டரில் 7700. ஆபத்திலுள்ள விமானத்துக்கு முன்னுரிமை உண்டு. கலைகுண்டாவோ, பானாகரோ, ராணுவத் தளமாயிற்றே என்று தயங்கிக் கடந்துபோய் வயலில் விழுவதைக் காட்டிலும், அனுமதி கேட்டு அங்கே இறங்கிவிட்டு எத்தனை விசாரணைக்கு வேண்டுமானாலும் பதில் எழுதுவது மேல். அண்டாலிலுள்ள காஜி நஸ்ருல் இஸ்லாம் விமான நிலையமும், பேஹாலாவிலிருந்து ஏறத்தாழ 90 கடல் மைலில், நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க புகலிடம்.

இனித் தரையைப் பார்ப்போம். கோவில்பட்டிக் கரிசலையும் ராமநாதபுரத்துப் பொட்டலையும் மேலிருந்து பார்த்துப் பழகிய தமிழ்நாட்டு மாணவன், எங்கு நோக்கினும் பச்சையாய்ச் சமதளமாய்த் தெரியும் கீழ்வங்காளத்தைக் கண்டதும், இறங்க இடத்துக்கா பஞ்சம் என்று மகிழ்ந்துவிடுவான். அந்தப் பச்சையில் பாதி ஏமாற்று. வெங்காயத்தாமரை படர்ந்து மூடிய குளம், ஆயிரம் அடி உயரத்திலிருந்து புல்வெளியாகத் தோன்றும். சித்திரை, வைகாசியில் விதைத்து ஆனி, ஆடியில் ஆளுயரத்தைக் கடந்து நிற்கும் சணல், இளம் நெல்லைப் போலவே தெரியும். கார்த்திகை, மார்கழியில் ஆமன் நெல் அறுவடையானபின் காய்ந்து கிடக்கும் தாள்வயல் நல்ல இடமே. ஆனால் தை பிறந்ததும் அதே வயலில் போரோ நெல்லுக்குத் தண்ணீர் கட்டிவிடுவார்கள். ஹூக்ளி மாவட்டத்துத் தாரகேஸ்வரம், ஆராம்பாக் பக்கத்தில் பனிக்காலத்தில் உருளைக்கிழங்குப் பாத்திகள் உயர்ந்த வரிகளாக ஓடும். அவற்றின் போக்கிலேயே இறங்க வேண்டும், குறுக்கே இறங்கினால் முன்சக்கரம் முறியும். வயல்களோ சிறியவை. செஸ்னா 152 ஐம்பதடி மரத்தைத் தாண்டி இறங்கி நிற்க, உலர்ந்த கெட்டித் தரையிலேயே 360 மீட்டருக்கு மேல் வேண்டும். அந்த நீளத்துக்குள் வங்காளத்தில் எத்தனை வரப்புகள் குறுக்கிடும் என்பதை அடுத்த முறை பறக்கும்போது எண்ணிப் பாருங்கள்.

நகரத்தின் கிழக்கே ஏறத்தாழ 125 சதுர கிலோமீட்டர் பரந்த ஈரநிலத்து மீன்பண்ணைகள், பேரி என்று அங்கே வழங்குபவை, ஆழம் குறைந்தவையாயினும், சக்கரம் மடங்காத விமானம் நீரைத் தொட்டவுடன் குப்புறக் கவிழக்கூடியது. தெற்கே சுந்தரவனத்தில், வற்றத்தில் வெளிப்படும் சேற்றுத்திட்டு கெட்டியாகத் தெரியும். காலை வைத்தால் முழங்கால் புதையும். உயிர்காப்பு அங்கியில்லாமல் ஒற்றை யந்திர விமானத்தில் அப்பக்கம் போகவே கூடாது. ஹூக்ளி நதியில் பாலங்களும் படகுகளும் குறுக்கே செல்லும் மின்கம்பிகளும் உண்டு. ரயில்பாதையின் மேல் மின்சாரக் கம்பி. நெடுஞ்சாலையில் லாரிகளும், விளக்குக் கம்பங்களும், ஒன்றுமறியாத பிற மனிதர்களும். கரையோரச் செங்கற்சூளைகளின் உயர்ந்த புகைபோக்கிகள் தாழப் பறப்பவருக்கு அபாயமானாலும், அவற்றின் புகை, காற்று எத்திசை என்பதைப் பிழையில்லாமல் காட்டும்.

மேற்கே செல்லச் செல்லத் தரை தேறுகிறது. பாங்குராவும் புருலியாவும் செம்மண் மேட்டு நிலங்கள். பயிரிடாத கெட்டித் தரைகள் இடையிடையே உண்டு. தாமோதரம், துவாரகேஸ்வரம், காங்சாபதி நதிகளின் மணற்படுகை கோடையில் அகன்று கிடக்கும். உலர்ந்த தளர்மணலில் சக்கரம் புதையுமாதலால், நீரோரத்து ஈரமணலையே தேர்வது நல்லது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர் தம் பி-29 விமானங்களுக்குப் பயன்படுத்திய சாகுலியா, துத்குண்டி, பியர்டோபா ஓடுபாதைகளும் இப்பகுதியில்தான் இருக்கின்றன. நம் பக்கத்துக் கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்ப்பேட்டை ஓடுபாதைகளைப் போல இவற்றையும் படத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஆயினும் எண்பது வருஷத்துக்கு முந்திய தளத்தில் இன்று என்ன முளைத்திருக்கிறது, யார் வேலியிட்டிருக்கிறார்கள் என்று யந்திரம் ஓடும்போது பார்த்தறிந்தாலொழிய, அதை நம்பிச் செல்லக் கூடாது. 1942-43இல் கொல்கத்தா மைதானத்தின் ரெட் ரோடிலிருந்து ஹரிகேன் போர்விமானங்கள் எழுந்து இறங்கின என்பது மெய்யே. இன்று அந்தச் சாலையில் இறங்க நினைப்பது சரித்திரத்தைத் தவறாகப் படிப்பதாகும்.

யந்திரம் நின்றேவிட்டால், முதற்காரியம் வேகம். செஸ்னா 152க்கு மிதக்கும் வேகம் 60 நாட். அதில் வைத்து மிதந்தால் 3,000 அடியிலிருந்து காற்றில்லா வானில் எட்டுக் கிலோமீட்டர் வரை செல்லலாம். ஆனால் திரும்புவதிலும் எதிர்காற்றிலும் அது கரையுமாதலால், பாதி தூரத்துக்குள் இருக்கும் இடத்தையே தேர்ந்துகொள்ளுங்கள். தேர்ந்தபின் மனத்தை மாற்றாதீர்கள். அதன்பின் பெட்ரோல் வால்வு, மிக்ஸ்சர், கார்புரேட்டர் சூடு, மாக்னெட்டோ, பிரைமர் என்ற வரிசையில் கையைச் செலுத்திப் பாருங்கள். மீண்டும் ஓடத் தொடங்கினால் நல்லது, இல்லையேல் மேடே. இறங்குவது உறுதியானதும் மிக்ஸ்சரையும் பெட்ரோலையும் மாக்னெட்டோவையும் மூடி, பிளாப்பை இறக்கியபின் மின்சாரத்தை நிறுத்தி, வளைந்து சிக்கிக்கொள்ளாதபடி கதவின் தாழை விடுவித்து, காற்றை எதிர்த்து, எத்தனை குறைந்த வேகத்தில் முடியுமோ அத்தனை குறைந்த வேகத்தில் தரையைத் தொடுங்கள். 45 நாட்டில் மோதுவதைவிட 60 நாட்டில் மோதும் சக்தி ஏறத்தாழ 1.8 மடங்கு. எட்டாத வயலை எட்டுவதற்காக மூக்கை உயர்த்துவதே இத்தகைய மரணங்களுக்குப் பெருங்காரணம். வரப்பில் இடித்து இறக்கை ஒடிந்தாலும், கட்டுக்குள் இருக்கும் விமானம் ஆளைக் காப்பாற்றும். வேகமிழந்து குப்புற விழும் விமானம் காப்பாற்றாது. பேஹாலாவைப் போல வீடுகள் நெருங்கிய மைதானத்தில் எழுந்த சில நொடியில் யந்திரம் நின்றாலும், ஓடுபாதைக்குத் திரும்பும் சபலத்தை அடக்கி, முன்னே முப்பது டிகிரிக்குள் இருப்பதில் சிறந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இறங்கிய சில நிமிஷத்தில் ஊரே கூடிவிடும். அவர்கள் உதவிக்கு வருபவர்கள். ஆனால் இறக்கையிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்குமாதலால், பீடி பற்றவைக்க வேண்டாம் என்பதைச் சொல்ல வேண்டிய வங்காளி வாக்கியத்தை முன்னமே கற்றுக்கொள்ளுங்கள். காயம்பட்டவரை அகற்றுவதற்கன்றி விமானத்தை அசைக்கக் கூடாது. காவல் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் உடனே தகவல் தெரிவிக்க வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டாயத் தரையிறக்கப் பயிற்சியைச் சோதனைக்கு முந்திய வாரத்தில் மட்டும் செய்து முடித்துவிடாதீர்கள். ஆடியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை உங்கள் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட பயிற்சி வட்டாரத்துக்குச் சென்று, சொல்லாமல் த்ராட்டிலை மூடும்படி அவரிடம் கேளுங்கள். கிளம்புமுன் குச்சியால் அளந்த பெட்ரோலையும், இறங்கியபின் அளந்ததையும் ஒரே நோட்டில் தேதியிட்டு எழுதிவாருங்கள்.